பத்திரத்தில் இருந்த கதவு

அந்த வீடு யார் கையிலும் இல்லாமல் ஒன்பது நாள் கிடந்தது. நூறு வருஷத்துக்கு மேல் வயதான வீடு. கட்டிய நாளிலிருந்து ஒரு பொழுதும் ஆளில்லாமல் இருந்ததில்லை. பத்திரப் பதிவு அலுவலகம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. வீட்டை வாங்கிய ஓட்டல்காரர்கள் ஒன்றாம் தேதிதான் வருவதாக இருந்தார்கள். நடுவில் ஒன்பது நாள். அதில் முதல் நாள் காலை பதினோரு மணிக்கு ரெக்கார்டம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தேழு வருஷமாக ஆவணக் காப்பறையைப் பார்த்துக்கொண்டவள் என்பதால், பதிவாளர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் ரெக்கார்டம்மா. எந்த வருஷத்துப் பத்திரம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "கம்ப்யூட்டர் தேடி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா எடுத்துட்டு வந்து தூசி தட்டிடுவாங்க" என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

காப்பறை வீட்டின் பின்பக்கம், வடமேற்கு மூலையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே, எட்டாத உயரத்தில், உள்ளங்கையை விரித்தாற்போல ஒரு காற்றோட்டத் துளை. கதவு மட்டும் ராட்சசக் கதவு. முன்னொரு காலத்தில் அந்த வீட்டில் வங்கி ஒன்று நடந்தபோது பெட்டக அறைக்கென்று போட்ட இரும்புக் கதவு. வங்கி போய்விட்டது, கதவு போகவில்லை. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். உள்பக்கம் கைப்பிடி என்று ஒன்றே கிடையாது. "பணத்துக்கு எதுக்குக் கைப்பிடி?" என்று முன்பிருந்த பதிவாளர் ஒருவர் கேலி செய்வார். நிலை கொஞ்சம் சாய்ந்துபோயிருந்ததால் விட்டால் கதவு மெல்ல மெல்ல நகர்ந்து தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்காக ரெக்கார்டம்மா ஒரு மர முக்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பாள்.

இடம் மாறுவதற்காக அலுவலகத்துக்குப் பத்து நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். கடைசி வண்டி போனதும் அப்படியே பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டைத் தலைகீழாகத் திருப்பிச் சுத்தம் செய்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். திடீரென்று போய் நிற்பதுதான் நல்லது. கணவரிடம் மட்டும் காலையில் சொன்னாள். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எந்நேரமும் கையில் பென்சிலும் கண்ணெதிரே ஒரு தாளும் இருக்கும்.

"பத்து நாள் என்னைத் தேடாதீங்க."

"தேடலை" என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் காப்பறைச் சாவியைப் பதிவாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவர் சாவியோடு புதுக் கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டார். காவலாளியையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார்கள். மின்சாரத்தைத் துண்டித்தாகிவிட்டது. சுமை ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ரெக்கார்டம்மா, இது கடைசி நடை. வண்டியில இடம் இருக்கு, ஏறிக்கிறீங்களா?"

"நீங்க போங்க. முன்கதவை இழுத்துச் சாத்திடுங்க, அது பூட்டிக்கும். நான் இன்னொரு தடவை பார்த்துட்டுப் பின்பக்கமாப் போயிடுறேன்."

வண்டி உறுமிக்கொண்டு போனது. கைப்பையையும் தண்ணீர்ப் புட்டியையும் கூடத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் காப்பறைக்குள் போனாள். காலி அலமாரிகள் எலும்பு எலும்பாக நின்றன. வடக்குச் சுவரோரம் நின்ற அலமாரிக்குப் பின்னால் ஒரு கோப்பு விழுந்து கிடந்தது தெரிந்தது. "பார்த்தியா, பார்த்தியா" என்று தன்னையே மெச்சிக்கொண்டு குனிந்து கையை விட்டுத் துழாவினாள். அப்போது முதுகுக்குப் பின்னால், வயதானவர் தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம். அடுத்து 'ணங்' என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. முக்காலியைக் காணவில்லை. எங்கே போயிருக்கும் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதியவளே அவள்தான். இருநூற்றுப் பன்னிரண்டு: மர முக்காலி, ஒன்று. மேஸ்திரி பட்டியலைப் பார்த்துக் கச்சிதமாக ஏற்றியிருக்கிறார்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மலையைத் தள்ளுவது போல இருந்தது. விரல் நுழைக்க இடம் இருக்கிறதா என்று விளிம்பு முழுக்கத் தடவினாள். தாள்கூட நுழையாது, பணத்தைக் காக்க வந்த கதவு அல்லவா! "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். குரல் இரும்பில் பட்டு அவள் முகத்திலேயே திரும்பி வந்து விழுந்தது.

கூடத்தில், கைப்பைக்குள் இருந்த கைபேசி மெலிதாக மணியடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவராகத்தான் இருக்கும், சர்க்கரை டப்பா கிடைத்திருக்காது. எடுக்கவில்லையென்றால் பஸ்ஸில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார். மூன்றாம் தடவை மணி அடிக்கவில்லை. அவர் எப்போதும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடுகிறவர் இல்லை.

அப்போதுதான் அவள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். கணவருக்கு அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். தங்கைக்கு அவள் தன் வீட்டில் இருக்கிறாள். அலுவலகத்துக்கு அவள் விடுமுறையில் இருக்கிறாள். ஒருவருக்கும் அவளைப் பற்றிக் கவலைப்படக் காரணமில்லை. ஒன்றாம் தேதிதான் இந்த வீட்டுக்குள் ஆள் வரும். அதற்கு ஒன்பது நாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒன்பது நாளில் திறக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று மனசு ஓடியதும், "சீ, வாயைக் கழுவு" என்று தன்னைத்தானே அதட்டினாள்.

வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான சந்து. சந்தில் ஒரு தகரக் கடை. புனல், வாளி, குழாய் எல்லாம் செய்கிற கடை. அதன் சொந்தக்காரர் காலை முதல் மாலை வரை சுத்தியலும் கையுமாக இருப்பார். இருபது வருஷப் பழக்கம். அவர் சுத்தியல் சத்தம் காற்றோட்டத் துளை வழியாக டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தது. அலமாரியில் குறுக்கே கொடுத்திருந்த ஓர் இரும்புப் பட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதை ஆட்டி ஆட்டிக் கழற்றி எடுத்துச் சுவரில் அடித்தாள். அவர் அடிக்க, இவள் அடிக்க, இரண்டும் ஒரே தாளமாகப் போனது. அவர் நிறுத்துவதற்காகக் காத்திருந்தாள். நிறுத்தினார். உடனே பலங்கொண்ட மட்டும் மூன்று அடி அடித்தாள்.

துளை வழியாக அவர் குரல் வந்தது. "பார்த்தீங்களா! ஓட்டல்காரங்க இன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணே, மெதுவா இடிங்கண்ணே, என் கூரை பழசு!"

"நான்தாங்க! ரெக்கார்டம்மா! உள்ள மாட்டிக்கிட்டேன்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

தகரம் அடித்து அடித்துக் காது பாதி போன மனிதர் அவர். வாடிக்கையாளர்களே அவரிடம் சைகையில்தான் பேசுவார்கள். சுத்தியல் மறுபடி தொடங்கியது.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிற நேரத்தில் அடக்க முடியாத இன்னொரு அவஸ்தையும் சேர்ந்துகொண்டது. யார் பார்க்கப் போகிறார்கள் என்றாலும் கூசியது. இருபத்தேழு வருஷமாகப் பத்திரங்களுக்குப் பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்ட அறை. கடைசியில் வடக்கு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஈரம் தரையில் பரவாமல் சுவரை நோக்கி ஓடி, அடியில் எங்கோ உள்ளே இறங்கிவிட்டது. வாரம் ஒரு முறை அறையைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் அந்த மூலைக்கே ஓடும்; கட்டியவன் மட்டம் பார்க்காமல் விட்டுவிட்டான் என்று இத்தனை வருஷம் அவனைத் திட்டியிருக்கிறாள்.

பொழுது போக வேண்டுமே என்றுதான் அந்தக் கோப்பைப் பிரித்தாள். சும்மா இருந்தால் புத்தி கண்ட கண்ட இடத்துக்குப் போகிறது. காற்றோட்டத் துளையிலிருந்து விழுந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஒரு சதுரமாக இருந்தது. அதன் அடியில் போய் நின்று, கோப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

அது அந்த வீட்டின் கோப்பேதான். பல வருஷங்களுக்கு முன் வீட்டுக்காரருக்கும் அலுவலகத்துக்கும் ஒரு வழக்கு நடந்தது. அப்போது, வீடு கட்டிய காலம் முதல் கைமாறிய பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒன்றாகத் தைத்து வைத்திருந்தார்கள். ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுப் பத்திரமும் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. தான் உட்கார்ந்திருந்த வீட்டுப் பத்திரத்தை மட்டும் அவள் வாசித்ததில்லை.

கட்டியவர் ஒரு நீதிபதி. அவர் இறந்ததும் மனைவி வீட்டை ஒரு மருத்துவருக்கு விற்றிருக்கிறார். அந்த அம்மாள் வெளியே வருவதில்லை என்பதால் அந்தக் காலத்துப் பதிவாளர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். போன இடத்தில் கேட்டதையும் பொறுப்பாக எழுதி வைத்திருந்தார்: 'தாங்கள் மனம் ஒப்பியே விற்கிறீர்களா என்று கதவுக்கு இப்பால் நின்று வினவினோம். ஆம், இருபத்திரண்டு வருஷம் இதற்குள் இருந்தாயிற்று, போதும் என்று பதில் சொன்னார்.'

ரெக்கார்டம்மா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். "எனக்கு இருபத்தேழு" என்றாள் வாய்விட்டு.

அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வீட்டின் விவரம் அறை அறையாக எழுதியிருந்தது. வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'வடமேற்கு மூலையில் குளியல் அறை ஒன்று. இதற்குக் கதவு இரண்டு. உட்கதவு ஒன்று; வடக்குச் சுவரில், மேற்கு மூலையிலிருந்து நான்கடி தள்ளி, தண்ணீர் கொண்டு வருவோர் சந்து வழியே வந்து போகத் தேக்கு மரக் கதவு ஒன்று.'

குளியல் அறை! தண்ணீர் ஏன் அந்த மூலைக்கு ஓடுகிறது என்று இப்போது புரிந்தது. கட்டியவன் மட்டம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான்.

அவசரமாகத் தாள்களைப் புரட்டினாள். மருத்துவர் இருபது வருஷம் அங்கே ஆஸ்பத்திரி நடத்திவிட்டு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு விற்றிருந்தார். அதிலே இதே அறை 'மருந்து அறை, கதவு இரண்டு'. பள்ளிக்கூடம் மூடியபோது வீட்டை வாங்கியவர் ஒரு மரவாடிக்காரர். அதிலும் கதவு இரண்டு. பிறகு மரவாடிக்காரர் வங்கிக்கு வாடகைக்கு விட்ட ஒப்பந்தம். 'பெட்டக அறை, இரும்புக் கதவு ஒன்று.' கீழே பொடி எழுத்தில்: 'சந்துப் பக்கத்துக் கதவை அகற்றி, அவ்விடத்தைக் கெட்டியாகக் கட்டிப் பூசித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு.'

வீட்டுக்காரர் பொறுப்பு! ரெக்கார்டம்மாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அந்த மரவாடிக்காரரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிழவராக அலுவலகத்துக்கு வந்து, எரிகிற பல்புகளை எண்ணிவிட்டுப் போவார். கூரை ஒழுகுகிறது என்றால், "மழை பெய்யறப்பதானே ஒழுகுது?" என்று கேட்பார். ஒரு கல் வைக்க வேண்டிய இடத்தில் அரைக்கல் வைத்து, சுண்ணாம்புக்குப் பதில் மண்ணைக் குழைத்து அப்பி, அதன் மேல் பளபளவென்று பூசிவிடுகிற மனிதர். தேக்குக் கதவைக் கழற்றித் தன் கடையில் நிறுத்தியிருப்பார். அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைத்திருப்பார்? கெட்டியாகக் கட்டச் சொல்லி எழுதி வாங்கினார்களே தவிர, வந்து தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். "ஐயா, நீங்க உங்க புத்திப்படிதான் செஞ்சிருக்கணும்" என்று இறந்துபோன அந்த மனிதரை வேண்டிக்கொண்டாள். அவர் உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

வடக்குச் சுவர் அலமாரி தடையாக நின்றது. காலியாக இருந்ததால் பிழைத்தாள். ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அது சாய்ந்து, அவள் விலகுவதற்குள் வலது தோளைச் சீவிக்கொண்டு தடாலென்று தரையில் விழுந்தது. சந்திலிருந்து தகரக்கடைக்காரர், "எல்லாத்தையும் ஒரே நாள்ல இடிச்சுடாதீங்கய்யா!" என்றார்.

மேற்கு மூலையிலிருந்து முழம் போட்டு நான்கடி அளந்தாள். பட்டையால் தட்டினாள். டொக். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினாள். டொக். இன்னும் ஒரு சாண். டொப். அந்தச் சத்தம் வேறு. மறுபடி தட்டினாள். டொப், டொப். காலிப் பெட்டியைத் தட்டினாற்போல இருந்தது. அந்த இடத்தில் பட்டை நுனியால் ஒரு கோடு கிழித்தாள்.

பிறகு வேலை தொடங்கியது. பூச்சு ஒரு விரல் கனம். அது மட்டும் கெட்டியாக இருந்தது. அதைக் கொத்தி எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளங்கையில் தோல் உரிந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டாள். ஐம்பத்துமூன்று வயதில், கனமான பதிவேடுகளைத் தூக்கித் தூக்கி ஏற்கனவே போன தோள்பட்டை. ஒவ்வோர் அடிக்கும் உயிர் போனது. பூச்சு உதிர்ந்ததும் செங்கல் தெரிந்தது. செங்கல்லுக்கு நடுவே பட்டை நுனியைக் கொடுத்துச் சுரண்டினாள். பொலபொலவென்று மண் கொட்டியது. சாதாரண மண். சுண்ணாம்பு பேருக்குக்கூட இல்லை. "மகராசா!" என்று கத்தினாள்.

எதிர்ச் சுவரில் வெளிச்சச் சதுரம் மேலே ஏறிக்கொண்டே போனது, நிறமும் மாறிக்கொண்டு வந்தது. அது போய்விட்டால் இருட்டு. இருட்டில் இந்த அறைக்குள் இருப்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை பட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் சுவர்கள் கிட்டே கிட்டே வருவது போல இருக்கும், மறுபடி எழுந்துவிடுவாள். இந்த அறையின் கதவைத் தன் கையாலேயே எத்தனை ஆயிரம் மாலை சாத்தியிருக்கிறோம், ஒரு நாளாவது உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று குரல் கொடுத்திருக்கிறோமா என்று கணக்கில்லாமல் ஏதேதோ தோன்றியது. மகள் சின்ன வயதில் ஒரு முறை குறும்பு செய்ததற்காக அறைக்குள் விட்டுச் சாத்தியதும், அவள் உள்ளே அழாமல் இருந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைத்து இப்போது இவள் அழுதாள். அழுதுகொண்டே சுரண்டினாள்.

ஐந்து மணி வாக்கில் ஒரு கல் ஆடியது. உள்ளே இழுக்க வரவில்லை. பட்டையால் குத்தித் தள்ளினாள். கல் அந்தப் பக்கம் விழுந்தது. அது போன வழியே ஒரு கீற்று வெளிச்சமும், தகரத்தைப் பற்றவைக்கிற புகை வாசனையும் உள்ளே வந்தன. கையை முழங்கை வரை வெளியே விட்டு ஆட்டினாள்.

சுத்தியல் நின்றது.

"ஐயையோ! சுவத்துல கை!"

"கத்தாதீங்க, நான்தான்! ரெக்கார்டம்மா!"

ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. கண் போய்க் காது வந்தது. அந்தக் காதில் அவள் மறுபடி கத்தினாள்.

"நீங்களா! நீங்க எதுக்கும்மா சுவத்தை இடிக்கிறீங்க? ஓட்டல்ல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

"ஐயா, கதவு சாத்திக்கிச்சு! காலையிலேர்ந்து உள்ள கிடக்கேன்! முதல்ல தண்ணி குடுங்க!"

"காலையிலேர்ந்தா? அப்ப அந்தச் சத்தமெல்லாம்..." அடுத்த நிமிஷம் அன்று செய்த புதுத் தகரப் புனலின் குழல் ஓட்டை வழியாக உள்ளே நீண்டது. "வாயை வைங்கம்மா. ஊத்துறேன்." பற்றவைத்த சூடுகூட ஆறாத தகரம். அந்தத் தண்ணீரின் இரும்பு ருசி அவளுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

தண்ணீரை ஊற்றிவிட்டு அவர் தள்ளி நிற்கச் சொன்னார். இருபது வருஷம் தகரம் அடித்த கை. பத்து நிமிஷத்தில் மரவாடிக்காரரின் சுவர் ஓர் ஆள் குனிந்து வரும் அளவுக்குத் திறந்துகொண்டது. ரெக்கார்டம்மா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை செம்மண்ணாக, சந்துக்குள் தவழ்ந்து வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"மெதுவா இடிங்கன்னு சொன்னேனேம்மா. ரெண்டு தடவை சொன்னேன்."

"நீங்க சொன்னபடி மெதுவாத்தான் இடிச்சேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சந்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புது அலுவலகம் திறந்த மறுநாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடத்தின் சுவருக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். ஓட்டல்காரர்கள் புகார் செய்தார்களாம். பதிவாளர் கடிதத்தைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் என்னம்மா செய்யறது? மேல இருந்து வந்திருக்கு. ஏதாவது ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

அவள் இரண்டு வரிதான் எழுதினாள். 'நான் சுவரைச் சேதப்படுத்தவில்லை. அசல் பத்திரத்தில் கண்டபடி உள்ள கதவைத் திறந்தேன். சான்றிட்ட நகல் இணைத்துள்ளேன்.' அதற்கு ஒரு பதிலும் வரவில்லை. ஓட்டல்காரர்களின் பொறியாளர்தான் அந்த நகலைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாராம். பழங்காலக் கட்டடத்தில் புதுக் கதவு வைக்க அனுமதி கிடைக்காது, முன்பே இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் கிடைக்கும்; அவர்கள் தேடிக்கொண்டிருந்ததே அந்த மாதிரி ஆதாரத்தைத்தான். அங்கே பழையபடி ஒரு மரக் கதவு போட்டு, அறையைத் துணி வெளுக்கிற இடமாக்கிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ரெக்கார்டம்மாவையும் தகரக்கடைக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவள் சந்திலேயே நின்றுகொண்டாள். "வாங்கம்மா, ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கு" என்று அவர் எவ்வளவோ கூப்பிட்டும் அவள் கால் எழவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. வீட்டுக்குள் நடந்தது வேறு. அன்றைக்குப் பிறகு அவளால் எந்தக் கதவையும் சாத்த முடியவில்லை. படுக்கையறைக் கதவை அகலத் திறந்து வைத்தால்தான் தூக்கம் வரும். பஸ்ஸில் கதவோரம் இடம் கிடைத்தால்தான் ஏறுவாள். குளியலறைதான் பெரும் பாடு. தாழ்ப்பாளில் கை வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். திறந்து வைத்துக் குளிக்கவும் முடியாது. நாலு நாள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு திரிந்தாள்.

அன்று காலை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்தியதைப் பற்றிக் கணவர் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குளியலறை வாசலில் போட்டார். பத்திரிகையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தாழ்ப்பாள் போடாதே, சும்மா சாத்து. நான் படிச்சுக்கிட்டே இருப்பேன். என் குரல் நின்னா நீ கத்து."

அவள் கதவைச் சாத்தினாள். சுவர்கள் மறுபடி கிட்டே கிட்டே வருவது போல இருந்தது. வெளியே அவர் ஒரு செய்தியையும் விடாமல், அச்சகத்தில் படிப்பது போலவே, அரைப்புள்ளி முற்றுப்புள்ளியோடு வாசிக்கத் தொடங்கினார். அவள் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

"'வானிலை. நாளை பரவலாக மலை பெய்யும்.' இங்க பாரு, ழகரத்துக்குப் பதிலா லகரம் போட்டிருக்கான். மடையன்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் பதறி எழுந்து, "என்னம்மா? என்ன ஆச்சு?" என்று கதவில் கை வைத்தார்.

"மலை பெய்ஞ்சா குடை தாங்குமாங்க?" என்றாள் அவள். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்ததால் அந்தச் சிரிப்பு இருமலாகத்தான் வந்தது.

"குளிச்சாச்சா?"

"இல்லை. இன்னும் ரெண்டு பத்தி படிங்க."